உங்களுக்குத் தெரியுமா? குறியில் விழாத சிவப்புப் புள்ளி!

சினிமாவில் வில்லனின் நெற்றியில் சிவப்புப் புள்ளி ஒன்று நடுங்குமே, அது லேசர். துப்பாக்கியில் மாட்டும் 'ரெட் டாட் சைட்' வேறு ஜாதி! இதன் புள்ளி எதிரே நிற்பவர் மேல் விழவே விழாது. சுடுபவரின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்!

உள்ளே என்ன இருக்கிறது? குட்டியாய் ஓர் எல்.இ.டி., வளைந்த கண்ணாடி ஒன்று. முக்கியமான சரக்கு அவ்வளவுதான்! கண்ணாடியின் மேல்பூச்சு சிவப்பை மட்டும் பிடித்துக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. மற்ற நிறங்களை வழிவிட்டு அனுப்பிவிடுகிறது. அதனால்தான் இதன் வழியே பார்த்தால் உலகமே லேசாக நீலம் பூத்துத் தெரியும்!

பழைய இரும்புக் குறியில் பின்பக்க வெட்டு, முன்பக்க முனை, இலக்கு என மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். கண்ணால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். இங்கே அந்த வம்பே இல்லை. புள்ளியும் இலக்கும் ஒரே தூரத்தில் இருப்பதாகக் கண் நம்பிவிடும். நாற்பதைத் தாண்டி, கிட்டத்துப் பார்வை மங்கியவர்கள் இதைக் கொண்டாடுவது சும்மா இல்லை!

தலையைக் கொஞ்சம் அப்படி இப்படி ஆட்டிப் பாருங்கள். கண்ணாடிக்குள் புள்ளி ஓரம் போகும், இலக்கை மட்டும் விடாது! ரொம்பக் கிட்டத்து இலக்கு என்றால் சின்னப் பிசகு வரும், அவ்வளவே.

இந்தத் தத்துவத்தைக் கண்டுபிடித்தவர் துப்பாக்கிக்காரர் இல்லை. தொலைநோக்கி செய்பவர்! டப்ளின் நகரத்து ஹோவர்ட் கிரப். ஆண்டு 1900. வியன்னா வானாய்வு மையத்துக்கு 27 அங்குலத் தொலைநோக்கி செய்து கொடுத்த அதே கிரப்தான். லென்ஸ் தொலைநோக்கிகளில் அன்றைக்கு உலகிலேயே பெரியது அது!

இன்னொரு சங்கதி, இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கிரப் செய்த 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்று நம் கொடைக்கானலுக்கே வந்திருக்கிறது! புனே வானாய்வு மையத்தை மூடியபோது, 1912இல், அங்கிருந்து மலையேறியது. பணம் கொடுத்தவர் குஜராத்தின் பாவ்நகர் மகாராஜா!

கிரப்பின் யோசனை பதினெட்டு வருடம் காத்திருந்தது. முதலில் கையில் எடுத்தவர்கள் ஜெர்மானியர்கள். 1918இல் போர் விமானங்களில் மாட்டிப் பார்த்தார்கள்!

அடுத்த உலகப் போரில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்திலும் இதே வித்தை. எல்.இ.டி. பிறக்காத காலம், எரிந்தது சாதாரண பல்பு! ஃபியூஸ் போனால்? விமானி கைக்கெட்டும் இடத்தில் ஸ்பேர் பல்புகள் தயாராக இருந்தன. நடுவானில், எதிரி துரத்தும்போது பல்பு மாற்றுகிற கூத்தை நினைத்துப் பாருங்கள்!

இன்னும் கேளுங்கள். எதிரி விமானத்தின் இறக்கை நீளத்தை விமானி முதலில் திருகி அமைப்பார். பிறகு அந்த விமானம் குறியின் இடைவெளிக்குள் கச்சிதமாக நிறைந்தால், சுடுகிற தூரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்திலேயே!

ஊடே இலக்கைப் பார்க்கவே முடியாத குறியும் உண்டு! 'சிங்கிள்பாயின்ட்' என்று பெயர். குழலுக்குள் எட்டிப்பார்த்தால் கும்மிருட்டில் ஒரு புள்ளி, வேறெதுவும் தெரியாது. வலது கண் புள்ளியைப் பார்க்கும். இடது கண் இலக்கைப் பார்க்கும். இரண்டையும் ஒட்டவைப்பது உங்கள் மூளை! ஒற்றைக்கண்ணை மூடினீர்களோ, ஆட்டம் முடிந்தது!

இந்தப் புள்ளி போருக்கே போயிருக்கிறது. 1970 நவம்பர். வடக்கு வியட்நாமின் சோன் டே சிறை முகாமில் இருந்த கைதிகளை மீட்க அமெரிக்க அதிரடிப்படை ராத்திரியில் இறங்கியது. கையில் இருந்த துப்பாக்கிகளில் கடைச் சரக்கான சிங்கிள்பாயின்ட்! ஒன்றின் விலை 50 டாலருக்கும் குறைவு. மீட்ட கைதிகள் எத்தனை பேர்? பூஜ்யம்! முகாமையே முன்கூட்டிக் காலி செய்திருந்தார்கள்!

இதே மூளை வித்தை இன்றைய ரெட் டாட்டிலும் வேலை செய்யும். முன்பக்க மூடியைத் திறக்க மறந்துவிட்டீர்களா? இரண்டு கண்ணையும் திறந்து வையுங்கள். மூடியிருந்தாலும் புள்ளி இலக்கில் உட்காரும்!

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலன்யாக் உருவாக்கியது 1962இல். அடுத்த பதின்மூன்றே வருடத்தில், 1975இல், ஸ்வீடனின் 'எய்ம்பாயின்ட்' அதைத் துப்பாக்கிக் குறிக்குள் வைத்துக் கடைக்கே கொண்டுவந்துவிட்டது!

வாங்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, புள்ளி எவ்வளவு பெரிசு? அளவை எம்.ஓ.ஏ. ஒரு டிகிரியை அறுபதாக வெட்டினால் வரும் ஒரு துண்டு! 2 எம்.ஓ.ஏ. புள்ளி 100 மீட்டரில் சுமார் 6 சென்டிமீட்டரை மறைக்கும், ஒரு எலுமிச்சம்பழம் அளவு. 6 எம்.ஓ.ஏ. புள்ளியோ 17 சென்டிமீட்டருக்கு மேல் மூடிவிடும்! தூரத்துக்குச் சின்னது, கிட்டத்தில் சட்டென்று கண்ணில் பட பெரியது. இதில் நம் ஓட்டு ரைஃபிளுக்கு 2தான்.

'இயோடெக்' நிறுவனத்தின் ஹாலோகிராஃபிக் குறியில் புள்ளியைச் சுற்றி ஒரு வளையமும் இருக்கும். அகலம் 68 எம்.ஓ.ஏ.! முழுநிலாவின் அகலம் எவ்வளவு? சுமார் 31. ஆக, இரண்டு பௌர்ணமி நிலாவை அந்த வளையத்தின் அகலத்தில் வரிசையாக வைக்கலாம். மிச்ச இடமும் இருக்கும்!

ஹாலோகிராம், அதாவது லேசரால் பதித்த படம், துண்டானாலும் ஒவ்வொரு துண்டிலும் முழுப் படம் இருக்கும். ஆகவே கண்ணாடி பாதி உடைந்தாலும் மிச்சப் பாதியில் வளையம் முழுசாகத் தெரியும்! ஹாலோகிராஃபி கண்டுபிடித்த டென்னிஸ் காபருக்கு 1971இல் நோபல் பரிசே கிடைத்தது!

அதே இயோடெக் மேல் அமெரிக்க அரசு வழக்குப் போட்ட கதை தெரியுமா? கடும் குளிரிலும் வெயிலிலும் குறி நகர்கிறது, தெரிந்தும் சொல்லவில்லை என்பது புகார். 2015இல் தாய் நிறுவனம் சமரசத்துக்குக் கொடுத்த தொகை 2.56 கோடி டாலர்!

கடையில் புள்ளி நட்சத்திரம்போலச் சிதறித் தெரிகிறதா? கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்! செல்போனில் புள்ளியைப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு கருவியில் இல்லை, உங்கள் கண்ணில்! ஆஸ்டிக்மாட்டிசம். கண் டாக்டரைப் பாருங்கள்!

மழையில் போகிறவரா? விளக்கு திறந்தபடி இருக்கும் மாடலில் ஒரே ஒரு துளி நீர் விளக்கின் மேல் உட்கார்ந்தால் போதும், புள்ளி காலி! நாலாபுறமும் மூடிய மாடலுக்கு அந்தக் கவலை இல்லை. எய்ம்பாயின்டின் 'காம்ப் எம்4' 45 மீட்டர் ஆழத் தண்ணீரையே தாங்கும்!

சில குறிகளில் பிரகாசத்தைக் குறைத்துக்கொண்டே போனால் புள்ளி மறைந்துவிடும். ஆனால் அணையவில்லை! இரவில் பார்க்கும் கருவி போட்டவருக்கு மட்டும் தெரியும்!

பேட்டரியே வேண்டாமா? அதற்கும் வழி இருக்கிறது. பகலில் ஃபைபர் இழை வெளிச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கும், இரவில் டிரிட்டியம் தானே ஒளிரும்! ஆனால் ஏறக்குறைய 12 வருடத்தில் டிரிட்டியத்தின் பலம் பாதியாகிவிடும்!

பேட்டரியே போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. காம்ப் எம்4க்குள் போவது சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஒற்றைப் பென்சில் பேட்டரி. அதில் எவ்வளவு நேரம் ஓடும்? நிறுவனம் சொல்லும் கணக்கு 80,000 மணி நேரம்! எட்டு வருடத்துக்கு மேல், அணைக்காமலேயே! லேசர் வைத்த ஹாலோகிராஃபிக் வகை? இதன் பக்கத்திலேயே வராது!

மாட்டுவதற்கு 'பிக்கட்டினி' என்ற பல்வரிசைத் தண்டவாளம். அமெரிக்க ராணுவம் 1995இல் வகுத்த அளவு இது. பல்லுக்குப் பல் 10 மில்லிமீட்டர்! தன் துப்பாக்கியில் இருக்கும் தண்டவாளத்தைப் பார்க்காமல் குறியை வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

இத்தனை சாமர்த்தியமான கருவி, ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிக்குள் மட்டும் நுழைய முடியாது. அங்கே வெறும் இரும்புக் குறிதான். ரெட் டாட்டுக்குத் தடா!

ஆனால் வானத்துக்குத் தடை இல்லை! தொலைநோக்கியை நட்சத்திரத்தின் பக்கம் திருப்ப 'டெல்ராட்' என்ற குறி உண்டு. அரை, 2, 4 டிகிரி என மூன்று சிவப்பு வளையங்களை அது வானத்தில் மிதக்கவிடும்!

கேமராவிலும் வந்துவிட்டது! ஒலிம்பஸ் நிறுவனம் 2014இல் விட்ட கேமராவில் ஃபிளாஷைத் தூக்கினால் உள்ளிருந்து குறிக்கண்ணாடி எழும். பறக்கும் பறவையைச் சட்டத்துக்குள் பிடிக்க! அந்தக் கேமராவின் ஜூம் எவ்வளவு தெரியுமா? 50 மடங்கு!