அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு க்ளிக்!

மழை விட்ட ராத்திரி. ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசலும் பூச்சியுமாய் ஒரே கூட்டம். கழுத்தில் ஏதோ ஊர்கிறது. என்ன செய்வீர்கள்? பளார்னு ஒரு அடி! அத்தோடு மறந்துபோய்ப் படுத்துவிடுவீர்கள்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, கழுத்தில் சூடு இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. எரிச்சல். அப்புறம் பொடிப்பொடியாய்க் கொப்புளம். "அக்கிதான், போய் எழுதிட்டு வா" என்பார் பாட்டி. "பூச்சி ஏதாவது மூத்திரம் பெஞ்சிருக்கும்" என்பார் எதிர்வீட்டு மாமி.

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் அடித்து நசுக்கியது பீடரஸ் என்ற வண்டாக இருந்தால், கோடு போட்டது அதன் உடம்புக்குள் இருந்த பெடரின் என்ற நச்சுதான். அது கடிக்காது, கொட்டாது. நசுங்கினால் மட்டுமே வம்பு! அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால் கண்ணும் வீங்கும். ஈர மண், அழுகிய இலை, வயல்வரப்பு எல்லாம் இதற்குப் பிடித்த இடம். ராத்திரியில் வெளிச்சத்தைத் தேடி வரும். ஒரு பக்கம் 2022-ல் ராம்சார் அந்தஸ்து பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலம், இன்னொரு பக்கம் நன்மங்கலம் காடு என்று நடுவில் குடியிருக்கும் மேடவாக்கத்துக்காரர்கள், மழைக்காலத்தில் இதை அடையாளம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. (வயலில் பயிரைத் தின்னும் பூச்சிகளை இது பிடித்துத் தின்னும். விவசாயிக்கு நண்பன், பாவம்!)

எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டெறும்புக்கு ஆரஞ்சு சட்டை போட்ட மாதிரி இருக்கும். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள். தலையும் வால்நுனியும் கறுப்பு, நடுவில் பளபளக்கும் கருநீலப் பட்டை. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஊர்வது தெரிந்தால் ஊதித் தள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு காகிதத்தில் ஏறவிட்டு உதறுங்கள். பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அதற்கு முன்னால்... கையில்தான் செல்போன் இருக்கிறதே, ஒரு க்ளிக்! ஒன்று போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்தருகே ஒன்று. கூடவே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். இறக்கை இரண்டா நாலா என்பதிலேயே பாதி வழக்கு தீர்ந்துவிடும். ஈக்கும் கொசுவுக்கும் இரண்டு, குளவிக்கு நாலு.

படத்தை ஐநேச்சுரலிஸ்ட் என்ற ஆப்பில் போட்டுப் பாருங்கள். 2008-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் படிப்புக்காகத் தொடங்கியது இது. கம்ப்யூட்டர் உடனே ஒரு பெயர் சொல்லும். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். விஷயம் தெரிந்தவர்கள் பார்த்து, கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போகும்வரை பொறுங்கள். பீடரஸ் வகைகளைப் படத்தை வைத்து மட்டும் பிரிப்பது கஷ்டம். குடும்பப் பெயரோடு நின்றாலும் நமக்குப் போதும். வீட்டில் எடுத்த படமென்றால், இருப்பிடத்தை மறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போதும் அந்தப் படத்தைக் காட்டுங்கள். ஆனால் பூச்சியின் படம் வைத்தியம் சொல்லாது. நிஜமாகவே அக்கியாக இருந்தால் மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பிப்பது நல்லது. அதனால் காவி பூசிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

கொசுவையும் இப்படிப் பார்க்கலாம். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, காலில் வெள்ளை வளையம் என்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ். பகலில் கடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கி, சுவரில் சாய்வாக உட்கார்ந்திருந்தால் அனாபிலிஸ். அதில் ஸ்டீபென்சி என்ற வகைதான் சென்னையின் மலேரியாவுக்குக் காரணம். கிணறும் மொட்டைமாடித் தொட்டியும் இதற்குத் தாய்வீடு.

நம்ம ஊர்க் கொசு இப்போது கடல் தாண்டிவிட்டது. 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் முதன்முதலாகப் பிடிபட்டது. 2020-ல் மடகாஸ்கரின் தலைநகரில், பழைய டயர்த் தண்ணீரில் கிடந்த ஒரு கொசுப்புழுவை யாரோ செல்போனில் படமெடுத்து, நாசா ஆதரவில் நடக்கும் குளோப் அப்சர்வர் ஆப்பில் போட்டார். பிற்பாடு அமெரிக்காவின் தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்தப் படத்தை அலசி, 'இது ஸ்டீபென்சி போலத் தெரிகிறதே' என்று 2023-ல் எழுதினார்கள். ஒரே ஒரு படம்தான்!

இந்த ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு மாடிக்குப் போய்த் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். புழு தண்ணீர் மட்டத்தோடு படுத்தவாக்கில் மிதந்தால் அனாபிலிஸ், தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது சாக்கடைக் கொசு. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு படமெடுங்கள். எடுத்தாச்சா? அந்தத் தண்ணீரை வெயில் காய்கிற மொட்டைமாடித் தரையில் ஊற்றுங்கள். தொட்டியைக் காலி பண்ணித் தேய்த்துக் கழுவி, மூடியை இடைவெளி இல்லாமல் மூடுங்கள்.