பேயுருவும் இரவு ஷிப்டும்

கணவன் காலில் விழுந்து விலகியபின், காரைக்காலம்மையார் தசையை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றார். அதன்பிறகே தனியே நடந்தார், திருவாலங்காட்டுக்கு வந்தார் என்கிறது பெரியபுராணம். பக்தி என்று மட்டுமே இதை வாசித்துப் பழகிவிட்டோம். பெண்ணுடலோடு தனியே நடமாட முடியாது என்கிற சமூக ஒப்புதலும் இதற்குள் இருக்கிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவும் இதையேதான் சொன்னது: இரவு 7 மணிக்குமேல், காலை 6 மணிவரை பெண்களுக்கு ஆலையில் வேலை கிடையாது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு அந்தத் தடையை நீக்கியது.

ஆலைக்கதவு திறந்தது, சரி. பாதை? இந்த ஊர்ப் பெண்ணொருத்தி என்னிடம் சொன்னாள்: "வேலை கெடைக்கும்க்கா. ராத்திரி டேசன்லருந்து வீட்டுக்கு எப்படி வர்றது?"

விடுதி இருந்தால் போதும் என்பார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றதை எதிர்த்து நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இரவில் வெளியே வந்துதான் அவர்கள் பேச வேண்டியிருந்தது.

ஆகவே, தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுத்துப் பெண்ணைத் திருத்தக் கிளம்புகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: கடைசி ரயிலுக்கு பஸ் உண்டா? தெருவிளக்கு எரிகிறதா? விடுதியில் எதிர்த்துக் கேட்கச் சங்கம் உண்டா?

பேயாகாமலே அவள் நடக்க வேண்டும்.