போதிகைகள்: வகைகளும் அவை ஆக்கப்படும் திரவியங்களும்



போதிகைகள் பற்றிய வினா வந்தால் வகைகளின் பெயர்களை வரிசையாக எழுதி முடிக்க எல்லோராலும் முடிகிறது. ஆனால் “காரணம் தருக” என்ற பகுதிக்கு வந்ததும் பலருடைய பேனா நின்றுவிடுகிறது. புள்ளிகள் கைநழுவும் இடமும் இதுவே. ஆகவே பின்வரும் இரண்டு கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு இப்பாடத்தைப் படியுங்கள்.

(அ) சுழலும் தண்டு உருக்கினால் ஆனது. அதைத் தாங்கும் புஷ், தண்டைவிட மென்மையான உலோகத்தினால் செய்யப்படுவது ஏன்?
(ஆ) அப்படியானால் குண்டுப் போதிகையின் குண்டுகள் மட்டும் மிகக் கடினமான உருக்கினால் செய்யப்படுவது ஏன்?

இவ்விரண்டுக்கும் விடை விளங்கினால் மற்றவற்றை மனனம் செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

1. போதிகை என்றால் என்ன?

கோயில் மண்டபத்தில் தூணின் உச்சியைக் கவனித்திருப்பீர்கள். உத்திரத்தின் பாரத்தை வாங்கித் தூணுக்குக் கொடுக்கும் உறுப்புக்குப் போதிகை என்று பெயர். கடையில் நாம் ‘பெயாரிங்’ என்று கேட்டு வாங்கும் பொருளுக்கும் நமது பாடநூல்கள் இப்பெயரையே வழங்குகின்றன. இரண்டும் பாரத்தைத் தாங்குவன. ஒரு வேறுபாடு உண்டு: இயந்திரப் போதிகை தாங்கிக்கொண்டே சுழலவும் விடவேண்டும்.

போதிகையின் தொழில்கள் மூன்று ஆகும்.
• தண்டை அதற்குரிய இடத்தில் விலகாது வைத்திருத்தல்.
• தண்டின் மீது வரும் சுமையைத் தாங்குதல்.
• உராய்வைக் குறைத்து இலகுவாகச் சுழல விடுதல்.

2. சுமை வரும் திசை

தண்டின் நீளத்துக்குச் செங்குத்தாக வரும் சுமை ஆரைச் சுமை எனப்படும். துவிச்சக்கர வண்டியின் அச்சில் ஓட்டுபவரின் நிறையும், கப்பியில் பட்டியின் இழுவையும் இவ்வகையின. தண்டின் நீளத்தின் வழியே வரும் சுமை அச்சுச் சுமை எனப்படும். கூரையில் தொங்கும் மின்விசிறியின் நிறை, கப்பலின் சுழல்விசிறி தண்டின்மீது கொடுக்கும் தள்ளுகை என்பன இதற்கு உதாரணங்கள். கார் வளைவில் திரும்பும்போது அதன் சில்லுக்கு இரண்டும் ஒருங்கே வருகின்றன. போதிகையைத் தெரிவு செய்வதன் முதற்படி, சுமை எத்திசையில் வருகிறது என்று பார்ப்பதே.

3. வழுக்குப் போதிகைகள்

தண்டு ஒரு துளையினுள் நேராகவே வழுக்கிச் சுழலும் அமைப்பு இது. மிக எளிய வடிவம் புஷ் ஆகும். எஞ்சினின் சுழற்றித் தண்டைத் தாங்குபவை இரண்டு அரை வட்ட ஓடுகளாகப் பிளந்திருக்கும். தண்டு நேரானதாக இல்லாமையால் முழு வளையத்தை அதில் கோக்க முடியாது என்பதே காரணம்.

“உலோகமும் உலோகமும் உராய்ந்தால் தேயாதா?” என்று கேட்பீர்கள். 1883 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் போஷாம் ரவர் என்பவர் புகையிரத அச்சுப் போதிகை ஒன்றைப் பரிசோதித்தார். எண்ணெய் விடுவதற்காகப் போதிகையின் மேற்புறத்தில் ஒரு துளை இட்டார். தண்டு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளையினூடாக மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. இதிலிருந்து, சுழலும் தண்டு எண்ணெயை இழுத்துச் சென்று தனக்கடியில் உயர் அழுக்கமுள்ள ஒரு படலத்தை உண்டாக்குகிறது என்பது தெரியவந்தது. 1886 இல் ஒஸ்போன் ரெயினோல்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் கொடுத்தார்.

ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் தண்டு உலோகத்தின்மீது அன்றி எண்ணெயின் மீதே மிதக்கிறது. புறப்படும்போதும் நிற்கும்போதும் வேகம் போதாமையால் படலம் மெலிகிறது. தேய்வு பெரிதும் நிகழ்வது அந்த வேளைகளிலேயே.

4. உருளற் போதிகைகள்

பாரமான பெட்டியை இழுப்பதைவிட உருளைகளின் மேல் வைத்துத் தள்ளுவது இலகு. உருளல் உராய்வு வழுக்கு உராய்விலும் மிகக் குறைவு. இப்போதிகையில் நான்கு பகுதிகள் உண்டு: உள்வளையம், வெளிவளையம், உருளும் உறுப்புகள், அவற்றை ஒன்றோடொன்று முட்டாமல் இடைவிட்டு வைக்கும் கூடு.

(i) குண்டுப் போதிகை: குண்டு வளையத்தை ஏறத்தாழ ஒரு புள்ளியில் தொடுகிறது. எனவே உராய்வு மிகக் குறைவு. உயர் வேகத்துக்கு ஏற்றது. ஆரைச் சுமையுடன் ஓரளவு அச்சுச் சுமையையும் தாங்கும். உதாரணம்: மின்மோட்டர், நீரிறைக்கும் இயந்திரம்.

(ii) உருளைப் போதிகை: உருளை ஒரு கோட்டில் தொடுகிறது. தொடுகை கூடுவதால் அதே பருமனுள்ள குண்டுப் போதிகையைவிடக் கூடிய ஆரைச் சுமையைத் தாங்கும்.

(iii) ஊசிப் போதிகை: மெல்லிய நீண்ட உருளைகள் கொண்டது. இடம் குறைவான இடங்களுக்கு உகந்தது. உதாரணம்: மோட்டார் சைக்கிள் எஞ்சினின் தொடுக்குங் கோல்.

(iv) கூம்புருளைப் போதிகை: ஆரைச் சுமை, அச்சுச் சுமை இரண்டையும் தாங்கும். 1898 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஹென்றி ரிம்கன் இதற்குக் காப்புரிமை பெற்றார். உதாரணம்: லொறிச் சில்லு. ஒரு பக்க அச்சுச் சுமையையே தாங்குமாதலால் எதிரெதிராகச் சோடியாகப் பொருத்தப்படும்.

(v) உதைப்புப் போதிகை: அச்சுச் சுமைக்கென்றே அமைந்தது. குண்டுகள் இரண்டு தட்டுகளுக்கிடையே இருக்கும்.

(vi) தானே ஒழுங்காகும் போதிகை: சுவீடனில் ஒரு நெசவாலைக் கட்டடத்தின் களிமண் நிலம் தாழ்ந்து தண்டுகள் கோணிப் போதிகைகள் அடிக்கடி பழுதாகின. அங்கு பணியாற்றிய ஸ்வென் விங்குவிஸ்ற், 1907 இல், வெளிவளையத்தின் உட்புறத்தைக் கோளவடிவமாக்கி இரண்டு நிரைக் குண்டுகளை வைத்தார். தண்டு சிறிது சரிந்தாலும் போதிகை இறுகாது.

5. திரவியங்கள்

வழுக்குப் போதிகைக்குரியவை:

பபிற் உலோகம்: 1839 இல் ஐசாக் பபிற் காப்புரிமை பெற்றது. பெயர்பெற்ற ஒரு கலவையில் வெள்ளீயம் 89%, அந்திமனி 7.5%, செம்பு 3.5% உள்ளன. மென்மையான உலோகத்தினுள் கடினமான சிறு பளிங்குகள் பதிந்திருக்கும். இனி (அ) கேள்விக்கு விடை தேடுவோம். எண்ணெயோடு ஒரு மணற்துணிக்கை வந்துவிட்டால் அது மென்மையான உலோகத்தினுள் புதைந்து விடுகிறது. தண்டில் கீறல் விழாது. தண்டு சிறிது சரிந்தாலும் பபிற் அதற்கேற்ப இணங்கிக் கொடுக்கிறது. எண்ணெய் தீர்ந்து சூடேறினால் முதலில் உருகுவது பபிற்றே. போதிகையை மாற்றுவது மலிவு. தண்டை மாற்றுவது பெருஞ்செலவு. தேயவேண்டியது எது என்று முன்கூட்டியே தீர்மானித்துச் செய்த ஏற்பாடு இது.

வெண்கலம்: பபிற்றைவிட வலிமையானது. பாரம் கூடிய, வேகம் குறைந்த இடங்களுக்கு ஏற்றது.

நுண்துளை வெண்கலம்: உலோகத்தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்யப்படுவது. துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். சூடேறும்போது எண்ணெய் கசிந்து வரும். ஆறும்போது மீண்டும் உறிஞ்சப்படும். மேசை மின்விசிறிகளில் காணலாம்.

நைலோன், தெஃப்லோன்: எண்ணெய் இன்றியும் இயங்கும், துருப்பிடிக்காது. வெப்பத்தை நன்கு கடத்தாமையால் உயர் வேகத்துக்கும் பெருஞ்சுமைக்கும் பொருந்தாது.

காரீயம்: எண்ணெய் எரிந்துவிடக்கூடிய சூடான இடங்களில் உலர் உராய்வு நீக்கியாகப் பயன்படும். நமது நாட்டில் போகலையில் அகழப்படுவது இதுவே.

உருளற் போதிகைக்குரியவை:

ஏறத்தாழ 1% காபன், 1.5% குரோமியம் கொண்ட உருக்கு வெப்பப் பரிகரிப்பினால் கடினமாக்கப்படுகிறது. (ஆ) கேள்விக்கு விடை இதோ: முழுச் சுமையும் மிகச் சிறிய தொடுகைப் பரப்பில் விழுவதால் அங்கு தகைப்பு மிக அதிகம். மென்மையான உலோகமாயின் குண்டு தட்டையாகிவிடும். வளையத்தில் பள்ளம் விழும். பிறகு உருளல் ஏது? கூடு அழுத்திய உருக்குத் தகடு, பித்தளை அல்லது நைலோனினால் செய்யப்படும். மிக உயர் வேகத்துக்குச் சிலிக்கன் நைத்திரைட்டு என்னும் மட்பாண்ட வகைத் திரவியத்தாலான குண்டுகளும் உண்டு.

6. இலக்கத்தை வாசித்தல்

போதிகையின் பக்கத்தில் 6204 என்று பொறித்திருந்தால், முதல் இலக்கம் 6 ஆழ்தவாளிப்புக் குண்டுப் போதிகை என்பதையும், 2 பருமன் தொடரையும், 04 துளையின் விட்டத்தையும் குறிக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் 04 முதல் 96 வரை இருந்தால் 5 ஆல் பெருக்குக: 4 × 5 = 20 மி.மீ. ஆனால் 00, 01, 02, 03 என்பன முறையே 10, 12, 15, 17 மி.மீ. ஆகும். 6203 ஐ 15 மி.மீ. என எழுதாதீர்கள், அது 17 மி.மீ. பின்னால் ‘இசட் இசட்’ எழுத்துகள் இருந்தால் இருபுறமும் உலோகத் தகட்டு மூடியும், ‘2 ஆர்எஸ்’ என்றிருந்தால் இறப்பர் அடைப்பும் உண்டு.

7. பொருத்துதலும் பழுதும்

தண்டில் இறுக்கமாகப் பொருத்தும்போது உள்வளையத்தையே அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் விசை குண்டுகளினூடாகச் சென்று வளையப் பாதையில் தழும்புகளை ஏற்படுத்தும். புதுப் போதிகை முதல் நாளே இரையத் தொடங்குவது பெரும்பாலும் இதனாலேயே. இரைச்சல், அதிக சூடு, தண்டின் ஆட்டம் ஆகிய மூன்றும் பழுதின் அறிகுறிகள். இயந்திரத்தை நிறுத்தி, மின்னைத் துண்டித்த பின்னரே தொட்டுப் பார்க்க வேண்டும். கிறீஸை அளவுக்கு மிஞ்சி அடைப்பதும் தவறு. அது கடையப்பட்டுச் சூட்டைக் கூட்டும்.

மாதிரி வினா

கிணற்று நீரிறைக்கும் மோட்டரின் தண்டுக்குக் குண்டுப் போதிகையும், பெற்றோல் எஞ்சினொன்றின் சுழற்றித் தண்டுக்கு ஓட்டுப் போதிகையும் பயன்படுத்தப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தருக.

விடை: மோட்டரில் வேகம் உயர்வு, சுமை மிதமானது, குண்டுப் போதிகை உராய்வைக் குறைப்பதுடன் கிறீஸ் இட்டால் நீண்டகாலம் கவனிப்பின்றி இயங்கும். எஞ்சினில் எரிபொருள் தகனத்தால் திடீர் அதிர்ச்சிச் சுமைகள் வருகின்றன. எண்ணெய்ப் படலம் அவற்றைப் பரந்த பரப்பில் பகிர்ந்து தாங்கும். அத்துடன் ஓடு இரண்டாகப் பிரிவதால் தண்டில் இலகுவாகப் பொருத்தலாம்.

விடையில் “ஏனெனில்” என்ற சொல் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வராவிட்டால் அந்த விடை இன்னும் முடியவில்லை.

பயிற்சி: பழைய துவிச்சக்கர வண்டிச் சில்லொன்றின் அச்சைக் கழற்றி, கிண்ணம், கூம்பு, குண்டுகள் ஆகியவற்றை இனங்கண்டு பெயரிட்ட படம் வரைக. கூம்பை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் என்ன நேரும், தளர்த்தினால் என்ன நேரும் என்று படத்தின் கீழே இரண்டு வாக்கியங்களில் எழுதுக.