மேடேறி வந்த காவிரி வாசலில் நிற்கிறது

காலை 5 மணிக்கு எங்கள் தெருவில் டேங்கர் லாரியின் ஹாரன் கேட்டால் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்.

பெங்களூர் மகாதேவபுரா பக்கம் குடியேறிய தர்மபுரி, திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது பழகிப்போன சத்தம். 2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டு, லாரிக்காரர் கேட்டதே விலை என்றானது. மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, 5 கிலோ மீட்டருக்குள் 12 ஆயிரம் லிட்டர் லோடு 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தது.

அதே ஆண்டு அக்டோபர் 16-ந்தேதி காவிரி 5-வது கட்டக் குடிநீர்த் திட்டத்தை முதல்-மந்திரி சித்தராமையா தொடங்கி வைத்தார்.

மூன்று இடத்தில் பம்பு

நகரிலிருந்து சுமார் 100 கிலோ மீட்டர் தள்ளி, மண்டியா மாவட்டம் தொரேகாடனஹள்ளியில் தண்ணீர் சுத்தமாகிறது. 1974-ல் தொடங்கி 4 கட்டங்களில் நாளொன்றுக்கு சுமார் 145 கோடி லிட்டர் வந்தது. ஜப்பான் கடனுதவியுடன் எழுந்த புதிய நிலையம் மேலும் 77½ கோடி லிட்டர் தரக்கூடியது.

கலங்கல் நீரில் மருந்து கலந்து மண்ணைப் படிய வைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்க்கிறார்கள். கஷ்டம் அதற்குப் பிறகுதான். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது! மலைப்பாதையில் ரெயிலுக்குப் பின்னால் இன்னொரு என்ஜின் மாட்டித் தள்ளுவோமே, அதுபோல தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி ஆகிய மூன்று இடங்களில் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். குடிநீர் வாரியத்தின் வருமானத்தில் பெரும்பங்கை மின்சாரமே விழுங்குகிறது.

வீட்டுக்காரர் மனசு

2007-ல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காகவே இந்தத் தண்ணீர். எங்கள் தெருவிலும் குழாய் பதித்தாகி விட்டது. ஆனால் வீட்டு இணைப்புக்கு உரிமையாளர்தான் விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். லாரிச் செலவைக் குடித்தனக்காரர்கள் பங்குபோட்டுக் கொடுக்கும்போது அவருக்கு என்ன அவசரம்?

"அண்ணே, நீங்க ரெயில்வேக்காரரு. நீங்க கேட்டாத்தான் ஓனர் காது குடுப்பாரு" என்றார் பக்கத்து போர்ஷனில் இருக்கும் கம்பி கட்டும் தொழிலாளி. இரண்டு முறை கேட்டுவிட்டேன். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பதே பதில்.

இப்போது 8 போர்ஷன்காரர்களும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். இணைப்புச் செலவில் ஒரு பகுதியை வாடகையோடு மாதாமாதம் தருகிறோம் என்றும் அதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து போய்க் கொடுக்கப் போகிறோம்.