ஒரே பானையும் ஒரு சிறு தட்டும்

கடந்த ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு மாலைப் பொழுது. சங்கரன்கோவிலில் விசைத்தறிகளின் ஓசை ஓயாத தெரு ஒன்றில் இல்லம் சந்திக்கச் சென்றிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் இளந்தாய் ஒருத்தி இடக்கையில் செல்பேசியும் வலக்கையில் பருப்புச் சோற்றுக் கிண்ணமுமாக நின்றுகொண்டிருந்தாள். இரண்டரை வயது நிரம்பிய அவள் மகன் திண்ணைக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டிருந்தான். செல்பேசியில் பாட்டு ஒலிக்கும்போது வாய் திறக்கும். பாட்டு நின்றால் உதடுகள் பூட்டிக்கொள்ளும். என்னைக் கண்டதும் அந்தத் தாய், "சாமி வந்துட்டாங்க, சீக்கிரம் வாங்கிக்கோ, இல்லேன்னா பிடிச்சிட்டுப் போயிருவாங்க" என்றாள். பூச்சாண்டியின் வேலை சில வீடுகளில் பங்குச் சாமியாருக்கும் தரப்பட்டிருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

அலமாரியில் இரண்டு பிஸ்கட் பொட்டலங்களும், ஊட்டச்சத்து மாவுப் பெட்டி ஒன்றும் இருந்தன. தறியில் உழைக்கும் கணவரின் வாரக் கூலியில் ஒரு நல்ல பகுதி இவற்றுக்கே போய்விடுகிறது என்று வருந்தினாள். பிள்ளை உண்ணாத சோறோ நாள்தோறும் கோழிக்குப் போயிற்று.

அடுத்த ஞாயிறன்று நான் ஒரு தவறு செய்தேன். அப்பங்கள் பலுகிய புதுமையைப் பற்றிய மறையுரையில், மீந்த துண்டுகளையும் ஆண்டவர் சேர்த்து வைக்கச் சொன்னதை விளக்கிவிட்டு, உணவைத் தள்ளிவிடும் பிள்ளைகள் நன்றி கெட்டவர்களாய் வளர்வது வீட்டாரின் குறையே என்று கடுமையாகச் சொல்லிவிட்டேன். யாரையும் பெயர் குறிப்பிடவில்லை. ஆயினும் பூசை முடிந்ததும் அந்தப் பிள்ளையின் ஆச்சி என்னிடம் வந்து, "சாமி, அவன் திங்காம படுத்தா அவ ராத்திரி பூரா அழுதிட்டு இருக்கா. உங்க பிரசங்கத்துக்கு அப்புறம் நேத்து வரை அழுததும் பத்தாதுன்னு இன்னைக்கும் அழுதா" என்றார். எனக்குத் தலை தாழ்ந்தது. அன்று மாலையே சென்று அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர்ப் பால்வாடி ஆசிரியை ஒருவரையும், குழந்தை மருத்துவர் ஒருவரையும், பல பிள்ளைகளை வளர்த்த நம் பங்கின் மூதாட்டிகள் சிலரையும் கண்டு பேசினேன். சில நூல்களையும் படித்தேன். அவ்வாறு கற்றதையே இங்கு எழுதுகிறேன். பிரசங்கத்தில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

பசி குறைவது பிடிவாதம் அன்று

பிறக்கும்போது ஏறக்குறைய மூன்று கிலோ எடையுள்ள குழந்தை ஓராண்டு நிறைவில் ஒன்பது கிலோவை எட்டுகிறது, அதாவது மும்மடங்காகிறது. ஆனால் அடுத்த ஆண்டு முழுவதிலும் அது கூட்டிக்கொள்வது இரண்டு முதல் இரண்டரைக் கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிவது இயற்கையின் ஒழுங்கு. முதலாண்டில் கிண்ணம் காலி செய்த பிள்ளை இரண்டாம் ஆண்டில் பாதியில் முகம் திருப்பினால், தாய் அதை நோயென்று அஞ்சுகிறாள்; நம்மைப் போன்றோர் பிடிவாதம் என்று கடிந்துகொள்கிறோம். இரண்டும் பிழை.

புதிய உணவைக் கண்டு மருளுவதும் இவ்வயதின் இயல்பே. நடக்கத் தொடங்கிய பிள்ளை கண்டதையெல்லாம் வாயிலிடாதபடி இயற்கை வைத்த காவல் அது என்று கருதுவோர் உண்டு. ஒரு காய்கறியைப் பத்து, பதினைந்து முறை வரையிலும் வற்புறுத்தாமல் தட்டில் கண்டு பழகிய பிறகே பல பிள்ளைகள் அதை ஏற்கின்றன. நாமோ மூன்றாம் முறையே, "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

அமெரிக்க நாட்டில் கிளாரா டேவிஸ் என்னும் பெண் மருத்துவர் 1939 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தாய்ப்பால் மறந்த பதினைந்து குழந்தைகளின் முன் முப்பத்து நான்கு வகை உணவுகளிலிருந்து சிறிது சிறிதாக வைக்கப்பட்டன. தாதியர் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நாளும் விநோதமாகவே உண்டது. ஆயினும் எல்லாரும் நன்கு வளர்ந்தனர். இதைக் கேட்டு, "பிள்ளை கேட்டதைக் கொடுத்தால் போதும்" என்று முடிவு செய்துவிடக் கூடாது. அந்த முப்பத்து நான்கில் சர்க்கரையும் தின்பண்டமும் இல்லை. தானியம், காய், கனி, முட்டை, பால், இறைச்சி போன்ற இயற்கை உணவுகளே இருந்தன. சூட்சுமம் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று அம்மருத்துவரே சொன்னார்.

பிற்காலத்தில் எலின் சாட்டர் என்னும் உணவியல் வல்லுநர் இதை ஒரு நெறியாகவே வகுத்தார். எதை உண்பது, எப்போது உண்பது, எங்கே அமர்ந்து உண்பது என்பவை பெற்றோரின் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பவை பிள்ளையின் பொறுப்பு. இந்த எல்லைக்கோட்டை இரு தரப்பும் மீறாதிருந்தால் வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

ஒரே பானை

இனிச் சிக்கனத்துக்கு வருவோம். சிக்கனமான வீட்டில் பிள்ளைக்கென்று தனிச் சமையல் இராது. தனிப் பெட்டியும் இராது. குடும்பத்துக்கு ஆகும் ஒரே பானையிலிருந்தே, மிளகாயும் மிகுந்த உப்பும் சேர்க்குமுன் பிள்ளையின் பங்கை எடுத்து, மசித்து, அரைக் கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தால் அதுவே போதுமான உணவு.

அந்த வீட்டின் ஆச்சி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அலமாரியிலிருந்த மாவுப் பெட்டி ஒன்றின் விலைக்கு அவ்வீட்டுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை வீதம் ஒரு மாதத்திற்கு வாங்கிவிடலாம். கூலி வரும் நாளன்று முதலில் பருப்பு, முட்டை, கீரை ஆகியவற்றுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில்தான் மற்றவை என்று அன்றே அவர் மருமகளிடம் முடிவு செய்தார். நியாயவிலைக் கடையில் அரிசி 2011 ஜூன் முதல் விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைக்கின்றன. பால்வாடியில் சத்துமாவு தருகிறார்கள். ஏழைகளுக்கானது என்று கூச்சப்பட்டு அதை வாங்காமலிருந்து, அதைவிடக் குறைந்த சத்துள்ள பிஸ்கட்டைக் காசு கொடுத்து வாங்குவது சிக்கனமும் அன்று, மானமும் அன்று.

அவர்கள் வகுத்துக்கொண்ட வாரத்தைச் சொல்கிறேன். இரண்டு நாள் பருப்பும் சோறும் முருங்கைக்கீரையும். கொல்லை முருங்கைக்கு விலையேது? ஒரு நாள் கம்பஞ்சோறும் மோரும். நம் கரிசல் பூமி தந்த கம்பில், தீட்டிய அரிசியைவிட இரும்புச்சத்து மிகுதி. ஒரு நாள் உளுந்தங்களி, கருப்பட்டி சேர்த்து. இரண்டு நாள் சாம்பாரில் பூசணி, கேரட், கத்தரி என்று சந்தையில் மலிந்த காய். ஞாயிறன்று மீனோ கறியோ, இயன்றது. கீரையும் பருப்பும் உண்ணும் நாளில் சில துளி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அவற்றின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். அருகிலேயே புளியங்குடியில் எலுமிச்சை குவியும்போது இதற்குப் பஞ்சமில்லை. நிலக்கடலை நல்ல உணவு. ஆனால் சிறு பிள்ளைக்கு முழுக் கடலையாகத் தரலாகாது, தொண்டையில் அடைக்கும். பொடித்தே தரவேண்டும்.

உணவு வேளைகளுக்கு இடையே இரண்டு, மூன்று மணி நேரம் வயிறு ஓய்ந்திருக்க வேண்டும். சோற்றுக்கு முன் பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்துவிட்டு, "பசிக்கவில்லை என்கிறான்" என்று முறையிடுவதில் பொருளில்லை. பிள்ளைக்குத் தேநீர் வேண்டவே வேண்டாம். அது இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. பாலும் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேற்பட்டால் சோற்றுப் பசியைக் கெடுத்துச் சோகைக்கு வழிகோலும்.

தட்டில் முதலில் இரண்டு கரண்டி மட்டும் வையுங்கள். கேட்டால் மேலும் வையுங்கள். நிறைய வைத்துக் கொட்டுவதைவிடச் சிறிது வைத்துக் கேட்க விடுவது மேல். பிள்ளை தன் கையாலேயே அள்ளட்டும், சிந்தட்டும். கற்றுக்கொள்ளும் கை சிந்துவது வீணாக்குதல் ஆகாது. அரை மணி நேரத்தில் முடியாவிட்டால் கோபமின்றித் தட்டை எடுத்துவிடுங்கள். "சோறு தின்றால் மிட்டாய்" என்ற பேரம் வேண்டாம். அந்தப் பேரத்தில் மிட்டாய் பரிசாகவும் சோறு தண்டனையாகவும் ஆகிவிடுகின்றன.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் எடை குறைந்தாலோ, உடல் வெளுத்தாலோ, மண்ணைத் தின்றாலோ, விழுங்கத் துன்புற்றாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ அதைப் பிடிவாதமென்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு தரும் குடற்புழு நீக்க மருந்தையும் தவறாது கொடுங்கள்.

வரிசையில் அமரும் பிள்ளை

பால்வாடி ஆசிரியை என்னிடம் சொன்ன செய்தி ஒன்று உண்டு. வீட்டில் வாய் திறக்காத பிள்ளைகள் பலர், மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் அமர்ந்தால் அதே சோற்றைத் தாமே உண்கிறார்களாம். தாய்மார் கேட்டால் நம்புவதில்லையாம். நம் ஊர்த் திருவிழா அசனத்திலும் இதைக் கண்டிருக்கிறோம். பெரியவர்களின் நடுவே இலை முன் அமர்ந்த பிள்ளை யாரும் ஊட்டாமலே கைவைக்கும்.

தமிழ்நாடு இந்த உண்மையைப் பெரிய அளவில் கண்ட மாநிலம். பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராததைக் கண்டு காமராசர் 1956 இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது பால்வாடிச் சிறார்களும் அதில் சேர்ந்தனர். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. இவை யாவும் பசி போக்க வந்தவை. ஆயினும் ஒரே பானையில் ஆக்கியதை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதால் வேறொரு கல்வியும் அங்கே நடந்தது. வீட்டிலோ தந்தை தறிக்குப் போகுமுன் ஒரு பக்கம், தாய் எல்லாரும் உண்டபின் ஒரு பக்கம், பிள்ளை செல்பேசியின் முன் ஒரு பக்கம் என்று உண்கிறோம். ஒரு வேளையாவது அனைவரும் சேர்ந்து அமர்ந்தால், பெரியவர் தட்டில் உள்ளதைப் பிள்ளையும் வேண்டும்.

நன்றி எங்கிருந்து வரும்?

என் பிரசங்கத்தின் பிழைக்கு மீண்டும் வருகிறேன். மாற்கு நற்செய்தியில் யாயீரின் மகளை ஆண்டவர் உயிர்ப்பித்த நிகழ்ச்சியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். எழுந்த சிறுமியை நோக்கி முதலில் நன்றி சொல்லும்படி அவர் கேட்கவில்லை. அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி பெற்றோரிடம் சொன்னார். பிள்ளைக்கு உணவே முதலில், நன்றி பின்னர். அதுவும் கடிந்து பெறுவது அன்று. பெரியவர்களிடம் கண்டு பிள்ளை கற்றுக்கொள்வது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூனில், வீணாக்கும் உணவு ஏழையின் மேசையிலிருந்து திருடியதற்கு ஒப்பாகும் என்றார். நான் மேடையில் பற்றிக்கொண்டது இந்தக் கடுமையை மட்டுமே. அவரே 2015 இல் எழுதிய 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலில், உண்ணுமுன்னும் உண்டபின்னும் நின்று நன்றி சொல்லும் பழைய வழக்கத்துக்குத் திரும்புமாறு குடும்பங்களைக் கனிவோடு அழைத்ததை மறந்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் நெல் விளைவித்தவரும், பால்வாடியில் உலை வைத்தவரும், தறியில் நின்ற தந்தையும் நினைக்கப்படுகின்றனர். "இன்றும் இதுதானா?" என்று தந்தை முகம் சுளிக்கும் வீட்டில் பிள்ளைக்கு நன்றி கற்பிக்க எந்தச் சாமியாராலும் இயலாது. சமைத்தவளைப் பார்த்து, "கீரை நன்றாயிருக்கிறது" என்று தந்தை சொன்னால், அது பிள்ளையின் முதல் ஞானோபதேசம்.

நம் பகுதியில் பிடி அரிசி என்றொரு பழைய வழக்கம் உண்டு. உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி அரிசியைக் கலயத்தில் போட்டு, நிறைந்ததும் கோவிலுக்கோ ஏழைக்கோ கொடுப்பார்கள். அந்த வீட்டு ஆச்சி அதை மீண்டும் தொடங்கி, பிடி போடும் பொறுப்பைப் பேரனுக்கே கொடுத்தார். நன்றி என்ற சொல்லை உச்சரிக்கத் தெரியாத வயதிலும் கொடுக்கும் கை அவனுக்கு உண்டல்லவா?

சில மாதங்களுக்குப் பின் மறுபடியும் அங்கே சென்றேன். பெரிய புதுமை ஒன்றும் நடந்துவிடவில்லை. கத்தரிக்காயை அவன் இன்றும் தட்டின் ஓரம் தள்ளுகிறான். ஆனால் செல்பேசி உறியின் மேல் இருந்தது. தாயும் ஆச்சியும் அவனும் பாயில் அமர்ந்தனர். ஓய்வு நாளானதால் தந்தையும் இருந்தார். சிலுவை அடையாளம் வரைந்தபின் அவன் முருங்கைக்கீரைச் சோற்றில் நாலு வாய் உண்டு உதட்டை மூடிக்கொண்டான். அந்தத் தாய் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்து வைத்துவிட்டுத் தன் சோற்றை உண்ணத் தொடங்கினாள். அவள் சூடாக உண்டு எத்தனை நாளாயிற்றோ!

மாலையில் உலை வைக்கும் நேரம் அவனே கலயத்தை இழுத்து வந்தான். பிடித்த அரிசியில் பாதி தரையில் சிந்தியது. ஆச்சி குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் பானையில் போட்டார். நானும் அருகில் அமர்ந்து பொறுக்கினேன்.