கொலு வைத்த பிள்ளைக்குப் பார்க்க ஆள் வேண்டாமா?

"டாக்டர், இவன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூங்கறதே இல்லை. கண்ணைப் பாருங்க, எப்படிச் சிவந்திருக்கு! பித்தம்தான்னு எங்க மாமனார் சொல்றார். போன் பைத்தியம் தெளியற மாதிரி ஏதாவது சூரணம் கொடுங்களேன்."

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இருக்கிற என் வைத்தியசாலைக்குப் பதிமூன்று வயது மகனோடு வந்த ஒரு தாயார் இப்படித்தான் ஆரம்பித்தார்.

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். பெரிய கோளாறு ஒன்றுமில்லை. தூக்கம் கெட்டதால் வந்த உடல் சூடு, இமைக்க மறந்து திரையையே பார்த்ததால் வந்த கண் எரிச்சல், அவ்வளவுதான்.

"ராத்திரி முழிச்சிருந்து அப்படி என்ன தம்பி செய்யறே?" என்று கேட்டேன்.

பையன் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, "மைன்கிராஃப்ட் சார். நான் கட்டின உலகத்தைக் காட்டட்டுமா?" என்றான். அந்தச் சிவந்த கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்!

மைன்கிராஃப்ட் என்பது சுவீடனில் பிறந்த விளையாட்டு. 2011-ல் முழுமையாக வெளிவந்தது. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. இதில் ஜெயிப்பது, தோற்பது முக்கியமில்லை. ஒரு மீட்டர் அளவுள்ள கட்டைகளை அடுக்கி அவரவர் விருப்பப்படி வீடு, ஊர், காடு, கடல் என்று ஓர் உலகத்தையே அமைக்கலாம். நாம் ஆற்று மணலில் வீடு கட்டினோமே, அதேதான். என்ன, இந்த மணலை அலை அழிக்காது.

அவன் காட்டியதைப் பார்த்து நான் அசந்துபோனேன். 1856-ல் திறந்த நம் ராயபுரம் ரயில் நிலையம், வரிசைத் தூண்களோடு நின்றது. அங்கிருந்து கிளம்பிய ஒரு குட்டி வண்டி காசிமேட்டுப் படகுகளைத் தாண்டி எண்ணூர் வரைக்கும் ஓடியது. எண்ணூரில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். அந்தப் பழைய நிலையம் 2017-லேயே மூடப்பட்டுவிட்டது. "புகை விடற மாதிரியும் செய்யலாம் சார். ஆனா நான் வைக்கலை. இது என் ஊரு இல்லையா?" என்றான்.

கடைசியாக எண்ணூர் கழிமுகம். கரையெல்லாம் அலையாத்தி மரங்கள், தண்ணீருக்குள் மீன்கள், ஓரத்தில் ஒரு கட்டுமரம். "இது தாத்தாவோடது. சின்ன வயசுல அவர் இங்கதான் இறால் பிடிச்சாராம். அவர் சொன்ன மாதிரியே கட்டியிருக்கேன்."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வந்து அந்தக் கழிமுகத்தில் படிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தப் பிள்ளை அதை உட்கார்ந்து சுத்தம் செய்திருக்கிறான்!

"தாத்தா இதைப் பார்த்தாரா?"

"இல்லை சார். வீட்ல யாரும் பார்க்கலை. போனை எடுத்தாலே திட்டு. ராத்திரியில ஆன்லைன்ல வர்றவங்களுக்குத்தான் காட்டுவேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

வாசகர்களே, நவராத்திரிக்குக் கொலு வைக்கிறோம். கடுகு முளைக்க விட்டு பார்க் அமைக்கிறோம், கிண்ணத்தில் குளம் வைக்கிறோம். பிறகு தெரு முழுக்கப் போய், "எங்க வீட்டுக் கொலுவைப் பார்க்க வாங்க" என்று அழைக்கிறோம். யாருமே வரவில்லை என்றால் மனசு எப்படி இருக்கும்? இந்தப் பிள்ளையும் கொலு வைத்துவிட்டு ஆள் வருமா என்று நடுநிசி வரை காத்திருக்கிறான். வீட்டார் பார்க்காததை முகம் தெரியாதவர்கள் பார்க்கிறார்கள். அவர்களில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று குழந்தைக்குத் தெரியுமா?

அதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ள விடலாமா? கூடாது. அடக்கக் கூடாத வேகங்கள் என்று சித்த மருத்துவம் பதினான்கைச் சொல்கிறது. பசி, தாகம், சிறுநீர், தூக்கம் ஆகிய நான்கும் அதில் அடக்கம். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகள் இந்த நான்கையுமே அடக்குகிறார்கள். தலைவலி, எரிச்சல், மலச்சிக்கல், சிடுசிடுப்பு எல்லாம் பின்னாலேயே வரும்.

உலக சுகாதார நிறுவனமும் விளையாட்டு அடிமைத்தனத்தை ஒரு நோயாகவே தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கட்டுப்பாடு இழந்து, மற்றதெல்லாம் பின்னுக்குப் போய், பாதிப்பு தெரிந்தும் விட முடியாமல், பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான் அது நோய். ஆசையாகக் கட்டுகிற எல்லாப் பிள்ளையும் நோயாளி இல்லை. ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு 2012 முதல் இதே விளையாட்டை வைத்து, ஏழைக் குடியிருப்பு மக்களையே தங்கள் பூங்காவையும் மைதானத்தையும் வடிவமைக்கச் சொல்லியிருக்கிறது. ஆக, இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன யோசனைகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. தினமும் சாயந்திரம் பத்து நிமிஷம், "இன்னிக்கு என்னப்பா கட்டினே?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். குறை சொல்ல வேண்டாம்.

2. இந்த விளையாட்டில் ஒரு பகலும் ஒரு இரவும் சேர்ந்தால் 20 நிமிஷம்தான். அங்கே பொழுது விடியும்போதெல்லாம் பிள்ளை தலையைத் தூக்கி, 20 அடிக்கு அப்பால் இருப்பதை 20 விநாடி பார்க்கட்டும். கண்ணை நன்றாக இமைக்கட்டும். தண்ணீர் குடிக்கட்டும்.

3. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போன் பெரியவர்கள் அறையில் இருக்கட்டும். உங்கள் போனும்தான்! பதிமூன்று வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் கட்டாயம் வேண்டும்.

4. பையன்களுக்குப் புதன், சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர்க் குளியல். சளி, காய்ச்சல் இருந்தால் வேண்டாம். அன்று பகல் தூக்கமும் கூடாது.

5. வாரம் இரண்டு நாள் பொன்னாங்கண்ணிக் கீரைப் பொரியல் அல்லது கூட்டு. இலைச்சாறு, எண்ணெய் எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். பார்வை மங்கினாலோ தலைவலி நீடித்தாலோ கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. தினமும் வெயில் தாழ்ந்ததும் வெளியே ஓடியாட விடுங்கள். கிட்டப்பார்வை வராமல் தடுக்க வெளி வெளிச்சம் உதவுகிறது.

சூரணம் எதுவும் கொடுக்கவில்லை. "முதல்ல தாத்தாகிட்ட காட்டு. அதுதான் மருந்து" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை தாத்தாவும் கூடவே. பையனின் கண் தெளிந்திருந்தது. பத்தரைக்கே தூங்கிவிடுகிறானாம்.

"எங்க டாக்டர்! முதல் நாளே சண்டை" என்று சிரித்தார் பெரியவர். "கட்டுமரத்தைத் தண்ணியில எப்படி நிறுத்தறதுன்னே இவனுக்குத் தெரியலை. போன ஞாயித்துக்கிழமை காலையில முகத்துவாரத்துக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்."

பையன் போனை நீட்டினான். கட்டுமரம் திரும்பி நின்றது. அதன் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.