எந்திரமும் வேண்டும், ஜன்னலும் வேண்டும்!
(ரயில்வே குமாஸ்தா ஒருவர் எழுதுவது)

மாலையில் கல்யாண் போகும் லோக்கலில், இரண்டாம் வகுப்புப் பெட்டி ஒன்றில், நம்மவர்கள் எட்டுப் பத்துப் பேர் தினமும் ஒன்றாகப் பயணம் செய்கிறோம். முலுண்ட் தாண்டும் வரை உட்கார இடம் கிடைக்காது. ஆனால் பேசுவதற்கு இடம் எதற்கு? தாதரில் ஏறியதும் தொடங்கும் பேச்சு, டோம்பிவிலியில் பாதிப் பேர் இறங்கும் வரை ஓயாது. டில்லி அரசியல், அமெரிக்கா, ரஷியா, வெங்காய விலை எல்லாவற்றுக்கும் அங்கே தீர்ப்பு உண்டு. மேல்முறையீடு மறுநாள் மாலை.

சென்ற மாதம் ஒரு நாள் அந்தப் பேச்சு சண்டையாகி விடுமோ என்று பயப்படும் அளவுக்கு முற்றிவிட்டது. அதற்குக் காரணம் நான்தான். அன்று காலை என் ஜன்னலில் நடந்ததை அவர்களிடம் சொல்லித் தொலைத்தேன்.

ஜன்னலில் நின்ற மனிதர்

நான் டிக்கெட் ஜன்னலில் உட்காரும் குமாஸ்தா. காலை 11 மணிக்குத் தூங்கும் வசதிப் பெட்டிக்கான தட்கல் திறக்கும். அன்று வரிசையில் மூன்றாவதாக நின்றவர் தென்காசிப் பக்கத்துக்காரர். கட்டட வேலைக்கு வந்தவர். சட்டையில் சிமெண்டு. ஊரில் தகப்பனாருக்கு உடம்பு மோசம் என்று இரவு தகவல் வந்ததாம். அதிகாலையிலேயே வந்து வரிசையில் நின்றிருக்கிறார்.

படிவத்தில் செல்போன் எண் எழுத வேண்டிய இடத்தில் ஓர் எண் எழுதியிருந்தார். நான் தட்டினேன். ரகசிய எண் வரும், சொல்லுங்கள் என்றேன். அவர் விழித்தார். அவருடைய போனில் ரீசார்ஜ் முடிந்து பல நாட்கள் ஆகிவிட்டன. எழுதிக் கொடுத்தது மேஸ்திரியின் எண். மேஸ்திரியோ பன்வேலில் ஒரு கட்டடத்தின் பத்தாவது மாடியில்.

பின்னால் நின்ற ஒருவர் தன் போனைக் கொடுத்து உதவினார். மேஸ்திரி போனை எடுத்து, எண்ணைத் தேடிப் படித்துச் சொல்வதற்குள் நாகர்கோவில் எக்ஸ்பிரசின் தட்கல் இடங்கள் தீர்ந்துவிட்டன. தட்கல் நேரத்தில் ஒரு நிமிடம் என்பது மற்ற நேரத்தில் ஒரு நாள்.

"பரவாயில்லை சார், ஜெனரல் பெட்டியில் போய்க்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இதில் யாரைக் குறை சொல்வது? ரகசிய எண் கேட்கும் விதி கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. தரகர்கள் கள்ள மென்பொருள் வைத்து, ஜன்னல் திறந்த கணத்திலேயே டிக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அதைத் தடுக்கத்தான் 2025 ஜூலை 1 முதல், ஆதாருடன் இணைத்த கணக்கு உள்ளவர்களே இணையத்தில் தட்கல் எடுக்கலாம் என்று ஆயிற்று. முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்குத் தடை. ஜன்னலுக்கும் ரகசிய எண் முறை படிப்படியாக வந்து சேர்ந்தது. திருடனுக்குப் போட்ட வேலி அது. அந்த வேலியில் தென்காசிக்காரரின் வேட்டியும் மாட்டிக்கொண்டது.

"அன்றைக்கே சொன்னோம்!"

இதைக் கேட்டதும் முதலில் கொதித்தவர் எங்கள் கூட்டத்தின் மூத்தவர். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் 1960-களில் கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் கட்டடத்துக்குக் காவல் நின்றார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெரியவர்கள் அதைக் கதை கதையாகச் சொல்வார்கள். எந்திரம் முதலில் வேலையைத் தின்னும், பிறகு மனிதனைத் தின்னும் என்றோம். யார் கேட்டார்கள்?" என்றார்.

ஐரோலியில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தம்பி சிரித்தான். "அண்ணாச்சி, அந்த எந்திரத்தால்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் சோறு சாப்பிடுகிறார்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் இன்றைக்கு அமெரிக்க பாங்கிக்குக் கணக்கு எழுதுகிறான். கம்ப்யூட்டரைத் தடுத்திருந்தால் அவனும் கொத்து வேலைக்குத்தான் வந்திருப்பான்."

இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. விக்ரோலி வந்தபோது எங்கள் பெட்டியில் இருந்த மராத்தி நண்பர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் நடுவில் நின்றேன். ஏனென்றால் என் ஜன்னலின் வரலாறு எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் இரண்டு பேருக்குமே பாதி வெற்றி, பாதி தோல்வி.

போன கம்பெனியும் வந்த கம்ப்யூட்டரும்

அந்தக் காலத்தில் ரிசர்வேஷன் என்றால் தடித்த பேரேடு. வண்டிக்கு ஒரு பேரேடு, பேரேட்டுக்கு ஒரு ஜன்னல். தவறான வரிசையில் நின்றால் இரண்டு மணி நேரம் போச்சு. திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமானால் அந்த ஊருக்குத் தந்தி போக வேண்டும். பேரேட்டைத் தொடும் கை யாருடையதோ, அவர் கை நனைந்தால்தான் இடம் என்பதும் பல இடங்களில் வழக்கம். என் இனத்தாரைப் பற்றி நானே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

1973-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியக் கிளையில் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று அரசு கேட்டது. ஐ.பி.எம். மறுத்தது. 1978-ல் இந்தியாவை விட்டே வெளியேறியது. இனி இங்கே கம்ப்யூட்டரே ஓடாது என்று பலர் கைகொட்டிச் சிரித்தார்கள். ஐ.பி.எம். விட்டுப்போன எந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு சி.எம்.சி. என்ற அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. பழுது பார்க்கப் பழகிய கை, பிறகு புதிதாகச் செய்யவும் பழகியது. ரயில்வேக்கு ரிசர்வேஷன் திட்டம் எழுதியது அதே சி.எம்.சி.தான். 1985-ல் புது டில்லியில் சோதனை தொடங்கியது. 1986-ல் ரயில்வேக்கென்றே 'கிரிஸ்' என்ற கம்ப்யூட்டர் நிறுவனம் பிறந்தது. 1999-ல் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. அதன் பிறகே எந்த ஊர் ஜன்னலிலும் எந்த ஊர் வண்டிக்கும் டிக்கெட் என்றாயிற்று. 2002-ல் இணையத்திலும் வந்தது.

இதில் அண்ணாச்சிக்கு நான் சொன்னது: கம்ப்யூட்டர் வந்ததால் ஏழைக்கு நன்மையே விளைந்தது. பேரேட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார். எந்திரம் முகம் பார்க்காது.

தம்பிக்கு நான் சொன்னது: அந்தத் திட்டம் முதலில் ஓடியது அமெரிக்காவின் டெக் கம்பெனி செய்த வாக்ஸ் எந்திரத்தில். மூளை நம்முடையது, உடம்பு அவர்களுடையது. அந்த மூளையை வளர்த்த சி.எம்.சி.யையும் அரசு 2001-ல் டாடாவுக்கு விற்றுவிட்டது. ஆகவே மார் தட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சாவி யார் கையில்?

இதுவரை பேசாமல் இருந்த பாங்கி குமாஸ்தா அப்போது வாயைத் திறந்தார். கும்பகோணத்துக்காரர். பேசுவது குறைவு, படிப்பது அதிகம்.

"நீங்கள் எந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறீர்கள். சாவி யார் கையில் என்று கேளுங்கள்" என்றார். பிறகு விரல் மடக்கி எண்ணினார்.

1980-களில் இந்தியா அமெரிக்காவிடம் சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டது. பெரிய எந்திரத்தைத் தர மறுத்து, வானிலை ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு சிறியதைக் கொடுத்தார்கள். அந்த ரோஷத்தில் 1988-ல் புனேயில் 'சி-டாக்' தொடங்கி, 1991-ல் 'பரம் 8000' செய்து காட்டினோம். அதிலும் சில்லுகள் இங்கிலாந்துக் கம்பெனியுடையவை.

2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் ரஷியாவில் கடையைக் கட்டின. ஆனால் ரஷியாவுக்குள் கார்டுகள் நின்று போகவில்லை. முன்னெச்சரிக்கையாகச் சொந்த ஏற்பாடு செய்து வைத்திருந்ததால் உள்ளூர்ப் பரிவர்த்தனை ஓடியது.

"அதெல்லாம் ரஷியா. நம் வாசலுக்கு வந்ததைச் சொல்கிறேன்" என்று தொடர்ந்தார். ரஷியக் கம்பெனிக்குப் பங்குள்ள நயாரா எனர்ஜியின் தலைமையகம் நம் மும்பையில். சுத்திகரிப்பு ஆலை குஜராத்தில். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் மேல் தடை போட்டது. இந்தியாவோ, ஐ.நா. சபையோ போட்ட தடை அல்ல. அமெரிக்கா போட்டதும் அல்ல. ஆனாலும் அமெரிக்கக் கம்பெனியான மைக்ரோசாப்ட், நயாராவின் மின்னஞ்சல் முதலான சேவைகளை நிறுத்தியது. நயாரா டில்லி ஐகோர்ட்டுக்குப் போன பிறகு சேவை திரும்பியது.

"பிரஸ்ஸல்சில் ஒரு கையெழுத்து. மும்பை ஆபீசில் கடிதம் திறக்கவில்லை. இதுதான் இன்றைய உலக அரசியல்" என்று முடித்தார்.

பெட்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இட்லிக்காரரின் கேள்வி

கடைசியில் பேசியவர் சயானில் இட்லிக் கடை வைத்திருப்பவர். விளாத்திகுளம் பக்கம். படிப்பு ஐந்தாம் வகுப்பு.

"எனக்கு இந்தப் பெரிய விஷயமெல்லாம் தெரியாது. கடையில் பணம் வந்தால் சத்தம் போடும் டப்பா வைத்திருக்கிறேன். நல்லதுதான். சில்லறைத் தொல்லை போச்சு. ஆனால் நெட்வொர்க் நின்றால் தின்றவன் 'நாளைக்குத் தருகிறேன்' என்கிறான். நோட்டுக்கு டவர் வேண்டாம் சார். அந்த நோட்டையும் எடுத்துவிடுவார்களா?" என்று கேட்டார்.

இட்லிக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி. 2016-ல் வந்த யு.பி.ஐ. நம் நாட்டின் சொந்தச் சரக்கு. அதை நடத்தும் நிறுவனமும் மும்பையில்தான் இருக்கிறது. பெருமைப்படலாம். ஆனால் 2024-ல் யு.பி.ஐ. பரிவர்த்தனைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியே நடந்தது. முதலாவது அமெரிக்க வால்மார்ட்டின் பிடியில். இரண்டாவது பெயரிலேயே தெரியும். ஒரு செயலிக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2020-ல் வரம்பு சொன்னார்கள். கெடு 2026 டிசம்பர் வரை தள்ளிப் போனது. சாலை நம்முடையது, ஓடுகிற வண்டி அவர்களுடையது!

எந்திரம் நிற்கவே நிற்காது என்று சொல்வாரும் உண்டு. 2024 ஜூலை 19-ந் தேதி ஒரு பாதுகாப்பு மென்பொருளில் ஏற்பட்ட தவறால் உலகமெங்கும் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கின. அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் என்ன செய்தார்கள்? பயணிகளுக்குப் பேனாவால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பேனா பிடிக்கத் தெரிந்த கை அங்கே இருந்ததால் பயணி போனார். அந்தக் கையையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால்?

என் கட்சி

ஆகவே என் கட்சி இதுதான். எந்திரம் வரட்டும். சாவி முடிந்தவரை நம் நாட்டில் இருக்கட்டும். எந்திரத்துக்குப் பக்கத்தில் மனிதன் உட்கார்ந்த ஜன்னல் ஒன்று எப்போதும் திறந்திருக்கட்டும். அந்த ஜன்னலில் இருப்பவருக்கு, செல்போன் இல்லாதவரின் அடையாளச் சீட்டைக் கண்ணால் பார்த்து டிக்கெட் கொடுக்கும் அதிகாரமும் இருக்கட்டும். தரகனையும் தகப்பனைப் பார்க்கப் போகிறவனையும் பிரித்துப் பார்க்க மனிதக் கண்ணால் முடியும்.

குமாஸ்தா தன் நாற்காலிக்காக வாதாடுகிறான் என்று நீங்கள் சொல்லலாம். அதுவும் உண்மைதான். எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் வாதம் யாருக்காக என்பது வேறு, வாதம் சரியா என்பது வேறு.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேஸ்திரி எண், மச்சான் எண் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் ஒரு சிம் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடித்தாவது அதை உயிரோடு வைத்திருங்கள். வீட்டு எண்கள் நாலைந்தைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போன் போனாலும் காகிதம் இருக்கும்.

தென்காசிக்காரர் போன வாரம் திரும்பி வந்து என் ஜன்னலில் நின்றார். போனது தெரியும், பார்த்தது தெரியாது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"முகம் பார்த்தேன் சார். பேச்சு இல்லை" என்றார்.

இரண்டு பேருக்குத் திவசத்துக்கு ஊர் போக இப்போதே டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டார். அவ்வளவு முன்னால் கிடைக்காது, அறுபது நாளைக்கு முன்தான் என்றேன். சரி என்று தலையாட்டினார். பக்கத்தில் அவருடைய தாயார் நின்றார். ஊரில் தனியாக விட மனமில்லாமல் அழைத்து வந்துவிட்டாராம்.

படிவத்தில் அந்த அம்மாவுக்கு எழுதச் செல்போன் எண் கிடையாது.